சபை வரியிலிருந்து விலகுவது விசுவாசத்திலிருந்து விலகுவதா?

கேள்வி: மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பகுதியில் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்த நான், மனைவியோடும் நான்கு வயது மகளோடும் இரண்டு ஆண்டுகளாக ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில் வசிக்கிறேன். வந்த புதிதில் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்தபோது, மதம் என்ற இடத்தில் 'புராட்டஸ்டண்ட்' என்று எழுதினோம். அதனால் என் சம்பளத்தில் மாதம் ஏறத்தாழ 45 யூரோ சபை வரியாகப் பிடிக்கப்படுவதை அண்மையில்தான் கவனித்தேன். நாங்கள் போவதோ ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூடும் தமிழ்ச் சபைக்கு. அங்கே காணிக்கை கொடுக்கிறோம். ஊர்ச் சபைக்கும் பணம் அனுப்புகிறோம். எங்கள் தெருவிலுள்ள ஜெர்மன் ஆலயத்துக்கு ஒரே ஒருமுறை போனோம். முப்பது முதியவர்கள் இருந்தார்கள், எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நீதிமன்றத்தில் 30 யூரோ கட்டி விலகிவிடும்படி உடன் பணிபுரியும் தமிழ் நண்பர்கள் சொல்கிறார்கள். ஓர் அதிகாரியின் முன் அப்படிக் கையெழுத்திடுவது கிறிஸ்துவை மறுதலிப்பதாகும் என்று என் மனைவி அழுகிறாள். விலகுவது பாவமா? இந்த வரியைத் தசமபாகத்தில் சேர்க்கலாமா? ஊரில் இருந்த பக்தி இங்கே வந்தபின் குறைந்துவிட்டதோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது.

பதில்: கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரருக்கு,

உங்கள் துணைவியாரின் கண்ணீருக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மனுஷர் முன்பாகத் தம்மை மறுதலிக்கிறவனைக் குறித்து ஆண்டவர் மத்தேயு 10-ஆம் அதிகாரத்தில் சொன்ன வார்த்தை அவருடைய மனதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த வார்த்தையை அவர் இலேசாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்காகத் தேவனுக்கு நன்றி செலுத்துகிறேன். ஆனால் பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் பேதுருவிடம் கேட்கப்பட்டது, நீ அந்த இயேசுவோடு இருந்தாயா என்ற கேள்வி. உங்கள் மாநிலத்தில் ஆம்ட்ஸ்கெரிக்ட் எனப்படும் உள்ளூர் நீதிமன்றம் கேட்பது, பொதுச் சட்டத்தின் கீழ் அமைந்துள்ள இன்ன சபை அமைப்பின் உறுப்பினராகத் தொடர விரும்புகிறீர்களா என்பதை மட்டுமே. கிறிஸ்துவை நம்புகிறீர்களா என்று அந்த அலுவலர் கேட்பதில்லை. கேட்க அவருக்கு அதிகாரமும் இல்லை. ஆகவே அந்தத் தாளில் கையெழுத்திடுவது அதனளவில் மறுதலிப்பு அல்ல என்று தெளிவாகவே சொல்கிறேன். கிறிஸ்துவை முழு மனதோடு நேசித்துக்கொண்டே அப்படிக் கையெழுத்திட்டு, சபை வரி வசூலிக்காத சுயாதீன சபைகளில் உண்மையாய் ஊழியம் செய்கிறவர்களை நான் அறிவேன்.

அதே வேளையில், மறுதலிப்பு அல்லாத எல்லாமே சரியான செயல் ஆகிவிடாது. மேலும், விலகல் அறிவிப்பு ஒவ்வொருவரும் தமக்காகச் செய்வது. துணைவியாருக்காக நீங்கள் கையெழுத்திட முடியாது. அவருடைய மனச்சாட்சி இடம் கொடுக்காதபோது அவரை நீதிமன்ற வாசல் வரை அழைத்துச் செல்லாதீர்கள். விசுவாசத்தினால் வராத யாவும் பாவமே என்று பவுல் ரோமர் 14-இல் எழுதியது, இப்படிப்பட்ட விஷயங்களில் ஒருவரையொருவர் நெருக்கக் கூடாது என்பதற்காகவே.

அடுத்து, இந்த வரி என்ன என்பதை நிதானமாகப் பார்ப்போம். நண்பர்கள் சொல்லித் தருவதில் பாதி உண்மையும் பாதி எரிச்சலும் கலந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இது அரசு தனக்காக விதிக்கும் வரி அல்ல. சபை தன் உறுப்பினர்களிடம் பெறும் பங்களிப்பை அரசின் வரி அலுவலகம் வசூலித்துக் கொடுக்கிறது; அந்த வேலைக்குச் சபை கட்டணமும் செலுத்துகிறது. 1803-இல் சபைகளின் சொத்துகளில் பெரும்பகுதி அரசர்களின் கைக்குப் போனது. அதன் பின் பத்தொன்பதாம் நூற்றாண்டில், சபைச் செலவை உறுப்பினர்களே ஏற்கும்படி இந்த ஏற்பாடு மெல்ல மெல்ல வந்தது. 1919-ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பு அதை உறுதி செய்தது. 1949-இல் வந்த இன்றைய அடிப்படைச் சட்டமும் அந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டது. உங்கள் சம்பளத்தில் 9 விழுக்காடு போகிறது என்று நண்பர்கள் சொன்னால் அது தவறு. நீங்கள் கட்டும் வருமான வரித் தொகையில் 9 விழுக்காடுதான் சபை வரி; பவேரியா, பாடன்-வுர்ட்டம்பெர்க் ஆகிய இரண்டு மாநிலங்களில் அது 8 விழுக்காடு. மாதம் 500 யூரோ வருமான வரி கட்டுகிறவருக்கு 45 யூரோ வரும். ஆண்டு வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது, செலுத்திய சபை வரி முழுவதையும் கழிவாகக் காட்டலாம் என்பதால் அதில் ஒரு பகுதி உங்களுக்குத் திரும்பியும் வரும். நீங்கள் இதுவரை தாக்கல் செய்யவில்லை என்றால் அதை உடனே செய்யுங்கள்.

புராட்டஸ்டண்ட் என்று எழுதியதற்காக உங்கள் நண்பர்கள் உங்களைப் பரிதாபமாகப் பார்த்திருக்கக்கூடும். நான் அப்படிப் பார்க்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு சுவிசேஷத் திருச்சபைக்காரர் (ஜெர்மனியில் புராட்டஸ்டண்ட் சபையாரை இப்படித்தான் அழைக்கிறார்கள்) பதிவு அலுவலகத்தில் தரும் அந்தத் தகவலே, வாழும் ஊரின் சபையில் சேர்வதற்கான அறிவிப்பாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு, மதம் இல்லை என்று எழுதுங்கள், வரி மிச்சமாகும் என்று நம்மவர்களே சொல்லிக்கொடுப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. ஜெபித்துவிட்டு விமானம் ஏறி வந்தவர், இறங்கியதும் எழுதித் தரும் முதல் தாளிலேயே பொய் எழுதலாமா? நீதிமன்றத்தில் வெளிப்படையாக விலகல் அறிவிப்பதைவிட இதுதான் உங்கள் துணைவியார் அஞ்சுகிற மறுதலிப்புக்கு மிக அருகில் இருக்கிறது. நீங்கள் உண்மையை எழுதினீர்கள். அதற்காக வருந்த வேண்டாம்.

நாம் சி.எஸ்.ஐ., அவர்கள் வேறு சபை அல்லவா என்ற எண்ணம் உங்களுக்குள் இருக்கலாம். டூசல்டார்ஃபைத் தலைமையிடமாகக் கொண்ட ரைன்லாந்து சுவிசேஷத் திருச்சபை, லுத்தரன் மரபும் சீர்திருத்த மரபும் இணைந்த ஐக்கிய சபை. 1817-இல் பிரஷ்யாவில் நடந்த இணைப்பிலிருந்து அது வருகிறது. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னையில் பல மரபுகள் இணைந்து பிறந்த நம் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவருக்கு அது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. நம் பாமாலையில் இருக்கும் ராகங்கள் பலவும் ஜெர்மன் ஆலயங்களில் பிறந்தவை. அடுத்த முறை போகும்போது சொற்களைத் தேடித் தவிக்காமல் ராகத்தைக் கவனித்துக் கேளுங்கள்.

உறவு ராகத்தோடு நிற்கவில்லை. பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியதையும், அவர் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவுற்றதையும் ஞாயிறு பள்ளியில் படித்திருப்பீர்கள். அதற்கான முதல் தமிழ் அச்செழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு அனுப்பப்பட்டவை. தரங்கம்பாடியிலிருந்து வந்த செய்திகளை ஹாலேயில் 1710 முதல் அச்சிட்டு வெளியிட்டார்கள். அவற்றை வாசித்தவர்கள், தாங்கள் ஒருபோதும் காணப்போகாத தமிழர்களுக்காகக் காணிக்கை அனுப்பினார்கள். உங்கள் சொந்தச் சீமைக்கே வருவோம். 1820 முதல் திருநெல்வேலியில் ஊழியம் செய்த ரேனியஸ் ஐயர் பிரஷ்யாவில் பிறந்தவர். களக்காட்டுக்கும் வள்ளியூருக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கும் டோனாவூர், அங்கே ஆலயம் எழும்பப் பணம் கொடுத்த டோனா என்ற ஜெர்மன் பிரபுவின் பெயரையே இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறது. ஆகவே பழைய கடனைத் தீர்க்க நீங்கள் மாதம் 45 யூரோ கட்டியே ஆக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காணிக்கைகளை அவர்கள் கடனாகக் கொடுக்கவில்லை. ஓர் ஊரின் சபை தன் தெருவுக்கு வெளியே இருக்கிறவர்களையும் தன்னுடையவர்களாக எண்ணிக் கொடுத்ததால்தான் நம் பாட்டன் பூட்டன் காலத்தில் நமக்குச் சபையும் பள்ளிக்கூடமும் கிடைத்தன என்பதை, உங்கள் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

இன்று அந்தப் பணம் எங்கே போகிறது? போதகர்களின் ஊதியம், மழலையர் பள்ளிகள், மருத்துவமனைகளில் நோயாளிகளைச் சந்திக்கும் ஊழியர்கள், இரவும் பகலும் துயரப்படுவோருக்குச் செவிகொடுக்கும் தொலைபேசிச் சேவை, பழைய கட்டடங்களின் பராமரிப்பு ஆகியவற்றுக்குப் போகிறது. இன்னொன்றும் உண்டு. நம் தமிழ்ச் சபைகளில் பல, ஜெர்மன் சபைகளின் மண்டபங்களில்தான் கூடுகின்றன. சில இடங்களில் சிறு வாடகை கொடுக்கிறோம், சில இடங்களில் அதுவும் இல்லை. ஜனவரி மாதத்து மாலையில் நாம் கோட்டைக் கழற்றிவிட்டுக் கைதட்டிப் பாடும் அந்த மண்டபத்தின் வெப்பமூட்டும் செலவு, பெரும்பாலும் இந்தச் சபை வரியிலிருந்துதான் வருகிறது. நீங்கள் கூடும் இடம் எப்படி நடத்தப்படுகிறது என்று உங்கள் தமிழ்ச் சபைப் பொறுப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்த நிலை எப்போதும் நீடிக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3,80,000 பேர் ஜெர்மனியின் சுவிசேஷத் திருச்சபைகளிலிருந்து விலகினார்கள். உறுப்பினர்கள் குறையக் குறையச் சபைகள் இணைக்கப்படுகின்றன. மண்டபங்களும் சில ஆலயங்களும் விற்கப்படுகின்றன. எந்தக் கட்டடம் இருக்கும், எது விற்கப்படும் என்பதில் முக்கியமான குரல் பிரஸ்பிட்டேரியம் எனப்படும் உள்ளூர் மூப்பர் குழுவுக்கு உண்டு. நம் ஊரில் சேகரக் கமிட்டி என்று சொல்வோமே, ஏறக்குறைய அதைப் போன்றது. உங்கள் பகுதியில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதற்குத் தேர்தல் நடக்கிறது. அதில் வாக்களிப்பதற்கு ஜெர்மன் குடியுரிமை தேவையில்லை. சபையின் உறுப்பினராக இருக்க வேண்டும். தமிழ்ச் சபை மக்கள் அனைவரும் விலகிவிட்டால், நம் மண்டபத்தைக் குறித்து முடிவெடுக்கிற கூட்டத்தில் நமக்காக ஒருவரும் இருக்கமாட்டார். திருநெல்வேலித் திருமண்டலத் தேர்தலுக்காக இங்கிருந்து இரவெல்லாம் தொலைபேசியில் பேசும் நம் சகோதரர்கள், தங்கள் தெருவின் சபைத் தேர்தலுக்கு வந்த கடிதத்தைப் பிரிக்காமலேயே குப்பையில் போடுவதை நான் பார்க்கிறேன். அது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

தசமபாகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேர்த்துக்கொள்ளலாம். சபையின் ஊழியத்துக்காக உங்கள் உழைப்பிலிருந்து போகும் பணம் அது. ஊரில் சங்கக் காணிக்கை கட்டுவதைப் போன்றதுதான். கட்டாயமாக அல்ல, உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார் என்று இரண்டாம் கொரிந்தியர் 9-இல் இருப்பதால், சம்பளத்தில் தானாகப் பிடிக்கப்படுவது எப்படிக் காணிக்கையாகும் என்று சிலர் கேட்பார்கள். இதற்கு மத்தேயு 17-ஆம் அதிகாரத்தின் முடிவை வாசியுங்கள். தேவாலய வரி வாங்குகிறவர்கள் பேதுருவிடம் வந்தபோது, பிள்ளைகள் அதைச் செலுத்த வேண்டியதில்லை என்று ஆண்டவர் விளக்கினார். ஆனாலும் அவர்களுக்கு இடறலாயிராதபடிக்கு மீனின் வாயிலிருந்த வெள்ளிப்பணத்தைத் தமக்காகவும் பேதுருவுக்காகவும் கொடுக்கச் சொன்னார். கொடுக்கக் கடமைப்படாத சுயாதீனமுள்ளவர், மற்றவர்களை நினைத்து மனமுவந்து கொடுத்தார். உங்களுக்கும் அந்தச் சுயாதீனம் உண்டு. விலக வழியிருந்தும் விலகாமல் கொடுத்தால் அதுவும் மனமுவந்து கொடுத்ததே. ஆனால் இந்த 45 யூரோவைக் காரணம் காட்டி ஊரிலிருக்கும் பெற்றோரின் மருந்துச் செலவைக் குறைக்காதீர்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கை என்ற பெயரில் தவிர்த்தவர்களை ஆண்டவர் மாற்கு 7-இல் கடிந்துகொண்டார்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் பக்தி குறைந்துவிட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். முன்னே நீங்கள் எழுதியவற்றுக்கெல்லாம் அதுதான் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊரில் கோவில் மணி உங்களை எழுப்பியது. அம்மா ஜெபத்துக்கு அழைத்தார்கள். பாடகர் குழுவில் நீங்கள் வராவிட்டால் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். உபதேசியார் கடைத்தெருவில் விசாரித்தார். உங்கள் பக்தியில் ஒரு பெரும் பங்கை மற்றவர்கள் சேர்ந்து சுமந்தார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சபை என்பதே அதற்குத்தான். இங்கே அப்படிச் சுமப்பவர் யாரும் இல்லை. தமிழ்ச் சபையில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கூடுகிறீர்கள். பிறகு ஒருவர் ஒரு ரயிலிலும் மற்றவர் வேறொரு ரயிலிலும் ஏறி முப்பது நாற்பது கிலோமீட்டர் பிரிந்துபோகிறீர்கள். ஊர்ச் சபையோடு உங்கள் உறவு வங்கிப் பரிமாற்றமாகிவிட்டது. திங்கள் முதல் சனி வரை நீங்கள் வாழும் தெருவிலோ, நீங்கள் ஒரு கிறிஸ்தவர் என்று ஒருவருக்கும் தெரியாது. அதை அறிந்திருப்பது வரி அலுவலகம் மட்டுமே. இப்படி வாழ்ந்தால் யாருடைய பக்தியும் மெலியும். தமிழ்ச் சபைக்குப் போவதை விடச் சொல்லவில்லை; தாய்மொழியில் அழுது ஜெபிக்க ஓர் இடம் வேண்டும், உங்கள் மகளும் தமிழில் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லி வளர வேண்டும். அதோடு கூட, காலால் நடந்து போகும் தூரத்தில் உங்களை அறிந்த விசுவாசிகள் சிலராவது இருக்க வேண்டும்.

அந்த முப்பது முதியவர்களை நீங்கள் எண்ணிக்கையாக மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டீர்கள் என்று அஞ்சுகிறேன். அவர்களில் பலர் தனியாக வாழ்கிறவர்கள். பிள்ளைகள் வேறு நகரங்களில் இருக்கிறார்கள். ஊரில் உங்கள் அம்மா ஆராதனை முடிந்து தனியாக வீடு திரும்புவதைப் போலவே அவர்களும் திரும்புகிறார்கள். நான்கு வயதுக் குழந்தையோடு ஒரு குடும்பம் அங்கே நுழைவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, ஆராதனைக்குப் பின் காப்பி குடிக்க நீங்கள் அரை மணி நேரம் நின்றிருந்தால் அறிந்திருப்பீர்கள்.

மொழி புரியவில்லை என்பது உண்மையான தடைதான். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஜெர்மனியின் சுவிசேஷத் திருச்சபைகளில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் உரிய பிரசங்க வேதபகுதி முன்கூட்டியே, ஆறு ஆண்டுச் சுழற்சியாக, நாடு முழுவதற்கும் வகுக்கப்பட்டிருக்கிறது. வரும் ஞாயிறின் பகுதி எது என்று பார்த்துச் சனிக்கிழமை இரவு குடும்ப ஜெபத்தில் அதைத் தமிழில் வாசியுங்கள். மறுநாள் காலையில் பிரசங்கத்தின் பாதி புரியாவிட்டாலும் எதைப் பற்றிய பிரசங்கம் என்பது புரியும். ஹெர்ன்ஹூட் சகோதரர் சபை 1731 முதல் ஆண்டுதோறும் வெளியிடும் தினவசனப் புத்தகம் உங்கள் ஜெர்மன் அண்டை வீட்டார் பலரிடம் இருக்கும்; அன்றைய வசனத்தை உங்கள் தமிழ் வேதாகமத்தில் எடுத்து வாசித்துவிட்டு வேலைக்குப் போங்கள். மொழிப் பள்ளியில் கிடைக்காத ஜெர்மன் சொற்களும் அதனால் சேரும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நீதிமன்றத்துக்கு இப்போது போகாதீர்கள். ஆறு மாதம், மாதத்துக்கு ஒரு ஞாயிறாவது காலையில் அந்த ஆலயத்துக்குக் குடும்பமாகப் போங்கள். மாலையில் தமிழ்ச் சபைக்கும் போகலாம். அங்குள்ள போதகரிடம் நேரம் கேட்டுச் சந்தியுங்கள். பெரும்பாலானவர்கள் ஆங்கிலத்தில் பேசுவார்கள். நாங்கள் இரண்டு ஆண்டுகளாக உங்கள் உறுப்பினர்கள், இப்போதுதான் தெரியும் என்று சொல்லுங்கள். வரியைப் பற்றிய உங்கள் வருத்தத்தையும் மறைக்க வேண்டாம். அவர்கள் அதை வேறு பலரிடமும் கேட்டிருப்பார்கள். மகளுக்கு மழலையர் பள்ளியில் இடம், துணைவியாருக்கு டியாகோனி போன்ற சபை நிறுவனங்களில் வேலை ஆகியவற்றைப் பற்றியும் கேளுங்கள். உறுப்பினராக இருப்பது சில பணிகளுக்கு இன்னமும் ஒரு தகுதியாகக் கருதப்படுகிறது. விலகியவர் திருமுழுக்கில் ஞானப்பெற்றோராக நிற்க முடியாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். இதை வாசிக்கும் கத்தோலிக்கச் சகோதரருக்கு ஒரு வார்த்தை: ஜெர்மன் ஆயர்கள் 2012-இல் வெளியிட்ட ஆணையின்படி, விலகல் அறிவித்தவருக்கு நற்கருணை உட்பட அருட்சாதனங்கள் மறுக்கப்படுகின்றன, அங்கே விளைவு இன்னும் கடுமையானது.

ஆறு மாதத்துக்குப் பிறகும், சுயாதீன சபை ஒன்றில்தான் எங்களுக்கு ஆவிக்குரிய வீடு இருக்கிறது என்று இருவரும் ஒருமனமாகக் கண்டால், விலகுங்கள். அந்தச் சபையில் முறைப்படி உறுப்பினராகுங்கள். விலகுவதை உள்ளூர்ப் போதகரிடம் நேரில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பிற்காலத்தில் மனம் மாறினால் திரும்பச் சேர்வதற்கும் வழி உண்டு. அதற்குப் போதகரோடு ஓர் உரையாடல் போதும். மகளுக்குப் பதினான்கு வயதாகும்போது இந்த நாட்டின் சட்டப்படி அவளே தன் சபையைக் குறித்துத் தீர்மானிப்பாள். அதற்குள் சபை என்பது என்ன என்பதை அவள் கண்ணால் கண்டிருக்க வேண்டும். ஆனால் விலகியபின் அந்த 45 யூரோ எந்தச் சபைக்கும் போகாமல் வீட்டுக் கடன் தவணையில் கரைந்துவிடும் என்றால், விலகுவதற்கு மனச்சாட்சியைக் காரணமாகச் சொல்லாதீர்கள். அப்போது அது பணத்தைப் பற்றிய முடிவு. அதை அப்படியே உங்கள் துணைவியாரிடம் சொல்லி, அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

வரும் மாதங்களில் அந்தப் போதகரைச் சந்தித்த பின் எனக்கு மறுபடியும் எழுதுங்கள். துணைவியாரும் தம் கையாலேயே எழுதினால் மகிழ்வேன். அவருக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.

ஆண்டவருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்